ஈடிபஸ் செய்தது பிழையா, வழுவா? ஹமார்ஷியாவுக்கு ஒரு கலைச்சொல்

கல்லூரி ஆசிரியை, திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் தேவை. முதுகலை வகுப்பில் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நடத்துகிறேன். துன்பியல் நாயகன் வீழக் காரணமாக அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' 13ஆம் அதிகாரத்தில் சொல்லும் ஹமார்ஷியாவுக்கு எங்கள் பழைய குறிப்பில் 'குணக்குறை' என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, 'ஈடிபஸின் கோபமே அவன் வீழ்ச்சிக்குக் காரணம்' என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். மூன்று சாலைகள் கூடும் இடத்தில், தேரில் வந்தவர்கள்தான் முதலில் அவனை வழியைவிட்டுத் தள்ளப் பார்த்தார்கள்; தள்ளிய தேரோட்டியை அவன் அடிக்க, தேரிலிருந்த கிழவர் அவனைத் தலையில் அடித்தார். திருப்பி அடித்தபோது அவர் தன் தந்தை என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு ஒருவன் எவ்வளவு பொறுப்பு? நாடகத்தின் உயிரே இந்தக் கேள்விதான். 'குணக்குறை' என்றதும் அது அடைபட்டுப் போகிறது. வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அம்மா, 'பிழை' போதும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு வேரான வினை, குறி தப்புவதைச் சொல்வது. எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போவதற்கு ஹோமர் இலியட்டில் அதே வினையைத்தான் ஆள்கிறார். நமக்குக் குறள் 772 இருக்கிறது:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

யானையைப் பிழைத்த வேல்! இதைவிட நெருக்கம் எங்கே கிடைக்கும்? அப்புறம், கோவலனைக் கொன்றது தவறு என்று தெரிந்த கணத்தில் பாண்டியன் சொல்வது: 'மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது.' அவனும் கொடியவன் அல்லன். அறியாமல் தீர்ப்புச் சொன்னவன்.

தமிழாசிரியர் (ஓய்வு), யாழ்ப்பாணம்:

சிலம்பை எடுத்தீர்கள், நல்லது. ஆனால் அதே சிலம்பு 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்றும் சொல்கிறதே. மகன் கையால் தந்தை இறப்பான் என்று ஈடிபஸ் பிறக்குமுன்பே டெல்ஃபியில் அருள்வாக்குச் சொல்லியாயிற்று. அதற்கு 'ஊழ்' என்ற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

கல்லூரி ஆசிரியை, திருச்சி:

ஐயா, ஊழ் அருள்வாக்குக்குப் பொருந்தும். ஹமார்ஷியா மனிதன் கையால் செய்வது. நிக்கமாக்கியன் அறவியலின் ஐந்தாம் நூலில் அரிஸ்டாட்டிலே இதைப் பிரித்துவைக்கிறார்: எதிர்பார்க்கவே முடியாமல் நேரும் தீங்கு ஒன்று, எதிர்பார்த்திருக்கக்கூடியது, ஆனால் தீய எண்ணமில்லாமல் செய்தது இன்னொன்று, தெரிந்தே செய்த அநீதி மூன்றாவது. நடுவில் இருப்பதற்கு அவர் இடும் பெயர் ஹமார்ஷியாவோடு ஒரே வேர் கொண்டது. 'ஊழ்' என்று போட்டால் முதல் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இலக்கணப் பேராசிரியர், மதுரை:

'வழு' என்று வையுங்கள். நன்னூல் என்ன சொல்கிறது? 'திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம்ஏழும் மயங்கினாம் வழுவே.' ஒன்றை இன்னொன்றாக மயங்குவதுதான் வழு. ஈடிபஸ் தந்தையை வழிப்போக்கன் என்று மயங்கினான், தாயை மனைவி என்று மயங்கினான். வீடென்று நினைத்த கொரிந்துவை விட்டு ஓடி, உண்மையான பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தான். உறவு மயங்கியது, இடம் மயங்கியது. பிழையில் இந்த மயக்கம் இல்லை. போதாததற்குப் 'பிழைத்தான்' என்றால் இன்று உயிர் தப்பினான் என்றுதான் எடுப்பார்கள்.

மென்பொருள் பணியாளர், பெங்களூரு:

ஐயா, கணினித் தமிழில் வழு என்றால் 'பக்', பிழை என்றால் 'எரர்'. என் தலைமுறைக்கு 'ஈடிபஸின் வழு' என்றால் நிரலில் வந்த கோளாறுதான் நினைவுக்கு வரும். ஹமார்ஷியா என்றே எழுதலாமே? பிள்ளைகள் தேடிப் படிக்கவும் வசதி.

இலக்கணப் பேராசிரியர், மதுரை:

தம்பி, ஹகரமும் ஷகரமும் எதற்கு? எழுதத்தான் வேண்டும் என்றால் 'அமார்த்தியா'. அது நம் 'அமர்' என்ற சொல்லோடு உறவுடையது என்பது என் கருத்து. அமர் என்றால் போர். போரில் அம்பு குறி தப்புவது...

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கட்ட முடியாது. கிரேக்கச் சொல்லில் போர் என்ற பொருள் எங்கேயும் இல்லை. அந்தச் சொல் பின்னால் போன வழி வேறு. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் அதே சொல்தான் பாவத்துக்கு வருகிறது. தமிழ் விவிலியத்திலும் அங்கே 'பாவம்'தான். அந்தப் பொருளோடு சோபக்ளிஸைப் படித்தால் ஈடிபஸ் பாவியாகிவிடுவான். 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் முதியவனான அவனே, என் செயல்கள் நான் செய்தவை என்பதைவிட எனக்கு நேர்ந்தவை என்ற பொருளில் வாதாடுகிறான். கண்ணைக் குத்திக்கொண்டதுகூட அளவுக்கு மீறிய தண்டனை என்று பிறகு தனக்குப் பட்டதாகச் சொல்கிறான். பாவி பேசுகிற பேச்சா இது?

தமிழாசிரியர் (ஓய்வு), யாழ்ப்பாணம்:

இந்த மேற்கோள் என்னை அசைத்துவிட்டது. ஊழைப் பின்வாங்குகிறேன். ஆனால் பிழை, எழுத்துப்பிழை அளவுக்குச் சுருங்கிவிட்ட சொல். அரிஸ்டாட்டில் 'பெரிய' என்ற அடை கொடுத்துத்தானே சொல்கிறார்? 'பெரும்பிழை' என்றாவது போடுங்கள்.

கல்லூரி ஆசிரியை, திருச்சி:

அடை அவருடையது, கலைச்சொல்லுக்குள் அதைச் சேர்த்துவிட்டால் சிறு பிழையைப் பற்றிப் பேச வேறு சொல் தேட வேண்டிவரும். சரி, நாளை காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். 'பிழை' என்றே போடுகிறேன்; முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ஹமார்ஷியா எனும் பிழை'. பக்கத்தில் குறள் 772ஐயும் பாண்டியன் சொன்னதையும் கொடுக்கிறேன். இங்கே பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கணப் பேராசிரியர், மதுரை:

நான் உடன்படவில்லை, அதைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் 'ஆன்டிகனி' நடத்தும்போது இதே சிக்கல் திரும்பவும் வரும். ஆன்டிகனியின் தமையனைப் புதைக்கக் கூடாது என்று மன்னன் கிரியோன் சட்டம் போட்டபோது தெரியாமல் செய்தது என்ன? அந்தத் தமையனைப் புதைக்கப் போவது யார் என்பதுதான் அவனுக்குத் தெரியாதே தவிர, புதைக்கக் கூடாது என்றது அறிந்தே சொன்னது. அவனுக்கும் 'பிழை'தானா? வழுவமைதி, அதாவது வழுவாயினும் அமையும் என்று இலக்கணம் ஏற்பது, பற்றிய உரைகளைத் தொகுத்து ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.