வரட்சி காலத்தில் காட்டுக்குள் போகத் தடை: நம் மலைகளுக்கும் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி கனடாவில், ஹாலிபாக்ஸில் இருக்கிறான். 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி நோவா ஸ்கோஷியா மாகாண அரசு காட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்று அறிவித்தது. நடை, மீன்பிடி, காட்டுக்குள் கூடாரம் எல்லாவற்றுக்கும் தடை. மீறினால் 25,000 டொலர் தண்டம். சிகரெட் தொடாத, சும்மா நடக்கப் போகிற தன்னை ஏன் மறித்தார்கள் என்று அவனுக்கு இன்னும் கோபம். நம் ஊவா மாகாணத்தில் எல்ல, பண்டாரவளைப் பக்கம் மலை எரியும்போது இங்கேயும் இப்படித் தடை போட்டால் சரியா? என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

தெஹிவளை ராஜ்:
தம்பி பக்கம்தான் நியாயம். அந்தக் கோடையில் அங்கே வீடுகளை எரித்த லோங் லேக் தீ மின்னலால் பற்றியது. நடக்கிறவனை மறித்தால் மின்னல் நிற்குமா? நெருப்பு மூட்டத் தடை போட்டால் போதும்.

ஹப்புத்தளை மகள்:
நான் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள், இப்போது வெள்ளவத்தையில். ராஜ் அண்ணா, மின்னலை நிறுத்த முடியாது என்பதால்தானே மனிதர் கையால் பற்றுவதையாவது குறைக்க வேண்டும்? ஆட்களும் ஹெலிகொப்டர்களும் லோங் லேக்கில் மாட்டிக்கொண்ட நேரத்தில், காய்ந்த புல்மேல் நிறுத்திய வாகனத்தின் சூட்டில் இன்னோர் இடம் பற்றினால் யார் போவது? 2023 மே கடைசியில் ஹாலிபாக்ஸுக்குப் பக்கத்தில் டான்டலனில் ஏறத்தாழ 150 வீடுகள் எரிந்தன. அதைப் பார்த்த அரசு பயப்படத்தான் செய்யும்.

உள்ளே இருப்பவர்களின் உயிரும் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் தீக்குள் சிக்கி இறந்ததை மறக்க முடியுமா? சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பார்கள். எங்கள் பக்கம் மானாப்புல், அதற்கு மேலே பைன். பைன் ஊசி லேசில் உக்காது, பிசின் வேறு. காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்புவது கஷ்டம்.

ஆகவே தடை வேண்டும் என்பேன். ஆனால் அதை யார் தலையில் போடுகிறோம்? லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், விறகுக்குத்தான் காட்டுக்குப் போகிறார்கள். எல்லவுக்கு வந்த பயணி அடுத்த வாரம் வேறு மலைக்குப் போவார், இவர்களுக்கு இரவு அடுப்பு எரிய வேண்டும். வரட்சிக்கு முன்பே கவ்வாத்து மிலாற்றை (தேயிலைச் செடியில் வெட்டிய கிளைகளை) தோட்டம் வீடு வீடாகப் பங்கிட்டுக் கொடுக்கட்டும், அப்புறம் தடை போடட்டும். அறிவித்தல் தமிழிலும் லயத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதுவும் இல்லாமல் தண்டம் மட்டும் வாங்குவது அநியாயம்.

மாதக்கணக்கில் முழு மாவட்டத்தையும் மூடவும் தேவையில்லை. பிரான்ஸில் மார்செய்யைச் சுற்றிய மலைக்காடுகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தினமும் நிற வரைபடம் வரும். சிவப்பென்றால் அன்று அந்தக் காடு மூடல். காற்றும் ஈரப்பதமும் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஊவாவுக்கும் அப்படி ஒன்று செய்யலாம்.

தெஹிவளை ராஜ்:
நாளுக்கு நாள் முடிவு என்றால் எனக்கும் சம்மதம். மாதக்கணக்கில் பூட்டுவதுதான் பிடிக்கவில்லை. விறகு விஷயம் நான் யோசிக்காதது.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, மகன் ஆகஸ்டில் கூட்டாளிகளோடு எல்ல ரொக் ஏறப் போகிறானாம். விடலாமா?

ஹப்புத்தளை மகள்:
ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல வரட்சி, அக்கா. பலத்த காற்று வீசும் நாளென்றால் விடாதீர்கள். போனாலும் அடுப்பு, லைட்டர் எதுவும் பையில் வேண்டாம். புகை கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே இறங்கட்டும். தீ கீழே இருந்து வந்தால் உச்சிக்கு ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, எரிந்து கறுத்து ஆறிய நிலம் இருந்தால் அதற்குள் போக வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, ஃபோனில் பதிந்து கொடுத்துவிடுங்கள்.