சென்னை–டொராண்டோ: 70 வயது அம்மாவுக்கு எந்த வழி?

ஆகஸ்டில் அம்மா தனியாகச் சென்னையிலிருந்து டொராண்டோ வருகிறார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. நேர்கோட்டுத் தூரமே சுமார் 13,400 கிமீ. நேரடி விமானம் கிடையாது.

துபாய் வழி என்றால் முதலில் நாலு மணி நேரச் சொச்சம், அப்புறம் ஒரே மூச்சில் 14 மணி நேரம். ஃபிராங்ஃபர்ட் வழி என்றால் சுமார் பத்து, அப்புறம் எட்டரை. பறக்கும் நேரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஏஜென்டிடம் கேட்டேன், விலையைத் தவிர எதுவும் பேசவில்லை. டிக்கெட் தளங்களில் 'அதே நாள் வந்து சேரும்' என்று போட்டிருக்கிறது. ஒன்பதரை மணி நேர வித்தியாசம் செய்யும் மாயம் அது! சக்கர நாற்காலி இரண்டு வழியிலும் கிடைக்கும். டாக்டரோ, மேற்கே போகும்போது நாள் நீளும், இன்சுலின் நேரத்தை மாற்ற வேண்டும், முதலில் வழியை முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்கிறார்.

இன்சுலின் போடும் பெரியவர்களை இப்படி அழைத்து வந்தவர்கள் சொல்லுங்கள்: 14 மணி நேரத்தை ஒரேயடியாக முடிப்பதா, பாதியாகப் பிரிப்பதா, உடம்புக்கு எது தாங்கும்?