மலர் அட்டையில் எந்த ஆண்டைப் போடுவது?

அன்பான ஊர் உறவுகளுக்கு,

எங்கள் பள்ளிக்கூட நினைவு மலரின் அட்டையில் போடத் தொடக்க ஆண்டு தேடுமுன், எதை வைத்து எண்ணப்போகிறோம் என்று முடிவெடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைப் பாருங்கள். 1880களின் பிற்பகுதியில் பிரதான வீதியில் 'நேற்றிவ் டவுன் ஹைஸ்கூல்' என்று தொடங்கியது. 1889இல் வழக்கறிஞர் நாகலிங்கத்தின் கைக்கு வந்து வண்ணார்பண்ணைக்கு மாறியது. 1890இல் சைவ பரிபாலன சபை பொறுப்பேற்றது. நூற்றாண்டு விழா எடுத்ததோ 1990இல். சைவர் நடத்தும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஆன நாளைத்தான் பிறந்தநாளாகக் கொண்டார்கள். யாழ் மத்திய கல்லூரி இதற்கு நேர்மாறு. 'சென்றல்' என்ற பெயர் 1834இல்தான் வந்தது, ஆனால் வெஸ்லியன் மிஷன் தொடங்கிய 1816இலிருந்து எண்ணுகிறார்கள். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும் 1838 என்றுதான் சொல்லும். அந்தப் பெயர் கிடைத்தது 1916இல். நிருவாகமா, இடமா, பெயரா, பிள்ளைகளின் தொடர்ச்சியா? எதைப் பிடித்தாலும் சரி, கடைசிவரை அதையே பிடியுங்கள்.

எங்களுடையது போன்ற கிராமத்துப் பாடசாலைக்கு முதல் சாட்சி, சேரும் பிள்ளைகளை இலக்கமிட்டுப் பதியும் சேர்வு இடாப்பு. சேர்விலக்கம் அறுபடாமல் ஓடினால் பெயர் எத்தனை தரம் மாறினாலும் அது ஒரே பாடசாலைதான். இலக்கம் திரும்ப 1இல் தொடங்கினால் உடனே 'புதுப் பாடசாலை' என்று எழுதிவிடாதீர்கள். ஆரம்பப் பிரிவு தனியாகப் பிரிந்திருக்கலாம், பழைய இடாப்பு தொலைந்து புதிது திறந்திருக்கலாம். அந்த மாதத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அகப்படும். அதிபர் கடமையேற்றது, பரிசோதகர் வந்தது, புயலுக்கு மூடியது எல்லாம் அதில்தான் பதிவாகும்.

பலர் சறுக்குவது 1960-61இல். அரச நிதியுதவியோடு மிஷன்களும் சபைகளும் நடத்திய 'உதவி பெறும் பாடசாலை'களை அரசு பொறுப்பேற்ற காலம் அது. அன்றோடு கோப்புகளும் பெயர்ப்பலகைகளும் மாறின. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிற்கச் சிலவற்றுக்கு வழி இருந்தது, யாழ் பரியோவான் கல்லூரி அப்படி நின்றது. ஆகவே 'இலவசக் கல்வியோடு அரசுப் பாடசாலை ஆனது' என்று மலரில் எழுதினால் பிழை. இலவசக் கல்வி 1945, பொறுப்பேற்பு அதற்கு ஒன்றரைத் தசாப்தம் பிந்தியது.

சுருக்கெழுத்துகளையும் விரித்து எழுதுங்கள். 'அ.த.க. பாடசாலை' அரசினர் தமிழ்க் கலவனா, அமெரிக்கன் மிஷனுடையதா என்று வாசிப்பவர் குழம்பக்கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: எங்களூரில் 'கல்லூரி' என்றால் பட்டப்படிப்பு அல்ல, பள்ளிக்கூடம்தான்.

பாடசாலைக்கு வெளியே தேடுபவர்கள் 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இல் தொடங்கிய இந்துசாதனம் ஆகிய இரண்டு பத்திரிகைகளையும் புரட்டுங்கள். கல்விப் பணிப்பாளரின் ஆண்டறிக்கைகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபிறகு உள்ளூர்ப் பிரதிகளை நம்பியிருக்க முடியாது. பழைய மலர்கள் பல 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்தில் உண்டு. ஆனால் மலரைப் பார்த்து மலர் எழுதினால் ஒருவர் விட்ட பிழை ஐந்து மலர்களில் உண்மையாகிவிடும்.

இடாப்பைப் படமெடுக்கும்போது ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தவேண்டாம், கட்டு பிளந்துவிடும். யன்னலோரம் விரித்து வைத்து, பிளாஷ் அணைத்து, மேலிருந்து ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டுவதும் லமினேற் பண்ணுவதும் கூடவே கூடாது. பசை மையைத் தின்னும், பிறகு கழற்றவும் இயலாது. பெற்றோர் பெயரும் தொழிலும் உள்ள பக்கங்களைக் குழுவில் போடாதீர்கள், வருடவாரியான எண்ணிக்கை போதும்.

பள்ளிக்கூடக் காணி உறுதியின் (நிலப் பத்திரத்தின்) பிரதி யாரிடமாவது இருந்தால், முதற் பக்கத்தையும் காணி விபரமுள்ள அட்டவணைப் பக்கத்தையும் தனித்தனியே அனுப்புங்கள். உறுதி இலக்கம், திகதி, உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெளிவாக விழவேண்டும். 'பரப்பு' என்ற எங்களூர் நில அளவு வரகுக் கணக்கா நெற்கணக்கா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெற்கணக்கு வேறு. ஒன்று நினைவிருக்கட்டும்: உறுதி முடிந்த ஆண்டு காணி கிடைத்த ஆண்டு மட்டுமே. பள்ளிக்கூடம் அதற்கு முன்பே கோயில் மடத்திலோ திண்ணையிலோ நடந்திருக்கக்கூடும்.