நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல முள்ளன்கோழிய (காலுல முள்ளு உள்ள காட்டுப் பறவை) நேர்ல கண்டவங்க உண்டா?

கீரிப்பாறைக்காரன்:
ரப்பர் பால் எடுக்கப் போனப்ப நடந்தது. ரப்பர் முடிஞ்சு காடு தொடங்குற ஓரம் தெரியும்லா, அங்க ஈத்தப் பத்தைக்கு (காட்டு மூங்கில் புதர்) அடியில சருகு சரசரங்குது, பாம்புன்னு நினைச்சு வாளியோட அப்படியே நின்னுட்டேன், பாத்தா சேவலும் பெட்டையுமா ரெண்டு முள்ளன்கோழி சருகைக் கிளறிட்டு வருது. சேவல் தலையத் தூக்கி நின்னுச்சு. கண்ணச் சுத்தி சிவப்புத் தோல், செக்கச்செவேல்னு காலு, பின்னால ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு முள்ளு. என்னக் கண்டதும் பறக்கல்ல, ஒரே ஓட்டம் பத்தைக்குள்ள. இப்ப அந்தப் பத்தைய களைக்கொல்லி மருந்தடிச்சுக் கருக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க சத்தமே இல்ல, மனசு கேக்க மாட்டேங்குது.

தோவாளை:
அது காட்டுக்கோழிப் பெட்டையா இருக்கும் அண்ணே. இல்லன்னா கௌதாரி. ஆரல்வாய்மொழி காத்தாலைக்குக் கீழ நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், மனுசனக் கண்டா ஓடத்தான் செய்யும்.

பேச்சிப்பாறை:
நான் கோதையாறு ரோட்டுல கண்டேன். மழை விட்ட நேரம், பெட்டை முன்னால போவுது, பின்னால குஞ்சுங்க, தாய் ரோட்டக் கடந்துட்டுது, கடைசிக் குஞ்சு மட்டும் ஏற முடியாம ஓரத்துக் கல்லுல முட்டி முட்டி விழுது. ஜீப்ப நிறுத்திட்டோம். ஏறிப் போச்சு. இன்னும் கண்ணுலயே நிக்குது.

குலசேகரம்:
தோவாளை தம்பி, கௌதாரி வெட்டவெளி முள்ளுக்காட்டுப் பறவை, ஈத்தக்காட்டுக்குள்ள அதுக்கு என்ன வேல? காட்டுக்கோழிப் பெட்டைக்கு கால் மஞ்சள், மூஞ்சில இந்த அளவுக்குச் சிவப்புத் தோலும் கிடையாது. அண்ணன் சொன்னது முள்ளன்கோழியேதான், நானும் களியல் பக்கம் கூவக் கேட்டிருக்கேன். இந்தியாவ விட்டா வேற எங்கயும் இல்லாத பறவை இது. நம்ம மாவட்டத்துல 402 சதுர கிலோமீட்டர் சரணாலயம் இருக்குன்னு சொல்லி என்ன, ஓரத்துல இருக்க அடிக்காடு போச்சுன்னா அது எங்க ஒளியும்? 2017 ஒக்கி புயல்ல மரம் சாஞ்ச தோட்டத்துல எல்லாம் மறுநடவுக்கு அடியோட வழிச்சு எடுத்ததக் கண்டவன் நான். தோட்டம் வச்சிருக்கவங்க கேளுங்க, தோட்டுக்கரையில (ஓடையோரம்) உள்ள பத்தைய வெட்டாதீங்க, வெட்டியே ஆகணும்னா வாக்கத்தியால வழிக்கு மட்டும் வெட்டுங்க, மருந்து வேண்டாம். ஜனவரில இருந்து ஜூன் வர முட்டையிடுற காலம், தரையிலதான் இடும், அதுவும் மூணுல இருந்து அஞ்சுதான், அப்ப சருகுக்குத் தீ வச்சா எல்லாம் போச்சு. நாயக் கட்டிப் போடுங்க. கண்ணி வச்சிருந்தா ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லுங்க, 1972 சட்டப்படி அது குத்தம்.

கீரிப்பாறைக்காரன்:
தோட்டம் என்னுது இல்ல அண்ணே, நான் ரப்பர் வெட்டுக்காரன். முதலாளிட்ட தோட்டுக்கரைய மட்டும் விடச் சொல்லிக் கேட்டிருக்கேன், பாக்கலாம்னு சொன்னாரு.