பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு: உங்களுக்கு எந்த இடத்தில் பிடிபட்டது?

பிளஸ் டூ கணக்கில் நல்ல மார்க் வாங்கி பி.எஸ்சி. மேத்ஸ் சேரும் பிள்ளைகள், இரண்டாம் வருடம் ரியல் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் வந்ததும் வாடிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அறிவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி "மதிப்பு காண்க" என்று வரும், இங்கே "நிறுவுக" என்று வருகிறது. இந்த மாற்றத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. உங்களுக்கு எங்கே, யாரால் பிடிபட்டது என்று எழுதினால் இப்போது படிக்கிறவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

நான் படித்தது டெல்டா பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரி. நிரூபணம் என்றாலே மனப்பாடம் என்பதுதான் அங்கே வழக்கம். பத்து மார்க் கேள்விக்கு வரும் தேற்றங்கள் சுற்றிச் சுற்றி அதேதான். சீனியர் நோட்டு கைமாறிக்கொண்டே வரும். அனாலிசிஸ் எடுத்த சார் மட்டும் வேறு மாதிரி. தேற்றத்தைப் போர்டில் எழுதியதும் நிரூபணத்துக்குப் போக மாட்டார். டஸ்டரை எடுத்து அதில் ஒரு சொல்லை அழித்துவிட்டு, "இப்ப நிக்குமாய்யா?" என்பார்.

ஒருநாள் எழுதியது இது: மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் பெரும மதிப்பை அடையும். முதலில் 'மூடிய' போயிற்று. 0க்கும் 1க்கும் நடுவே, ஓரங்களைச் சேர்க்காமல், ஒன் பை எக்ஸ் எடுத்தால் 0 பக்கம் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும், உச்சம் கிடையாது. அடுத்து 'வரம்புடைய'. 0விலிருந்து முடிவிலி வரை வெறும் எக்ஸே போதும். கடைசியில் 'தொடர்ச்சியான'. அதே ஒன் பை எக்ஸில் ஓரங்களையும் சேர்த்து, 0வில் மட்டும் மதிப்பு 0 என்று வைத்துவிட்டால் தேற்றம் விழுந்துவிடும். இதெல்லாம் ஆன பிறகுதான் நிரூபணம். அதற்குள் எந்த வரியில் எந்தச் சொல் வேலை செய்கிறது என்று நாங்களே தேட ஆரம்பித்திருப்போம். மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வராது.

யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸையும், அதாவது சார்புகள் எல்லா இடத்திலும் சேர்ந்தாற்போல் எல்லையை நெருங்குவதையும், அப்படித்தான் நடத்தினார். 0விலிருந்து 1 வரை எக்ஸின் அடுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் கியூப், இப்படியே. ஒவ்வொன்றும் தொடர்ச்சியானது. ஆனால் அடுக்கு ஏற ஏறக் கிடைக்கும் எல்லைச் சார்பு 1க்கு முன்னால் எல்லா இடத்திலும் 0, 1இல் மட்டும் 1. சார் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். 50ஆவது அடுக்கில் 0.9 ஏறக்குறைய 0.005க்கு இறங்கிவிட்டது. 0.99 இன்னும் 0.6க்கு மேலே நிற்கிறது. 0.999 கிட்டத்தட்ட 0.95. எல்லோரும் 0வுக்குத்தான் போகிறார்கள், ஆனால் ஒரே வேகத்தில் போகவில்லை. 1ஐ நெருங்க நெருங்கத் தாமதம் கூடிக்கொண்டே போகிறது. "எல்லா எக்ஸுக்கும் பொதுவான ஒரே N" (எத்தனையாவது அடுக்குக்குப் பிறகு எல்லாம் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்ற எண்) என்ற அந்த வரையறை எதற்காக இருக்கிறது என்பதை அந்த மூன்று எண்கள் காட்டிவிட்டன.

இதில் பெரியவர்களே இடறியிருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டி, அந்தத் தொடர் ஒருங்கினால், கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று 1821இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி பாடநூலிலேயே எழுதினார். 1826இல் நார்வே நாட்டுக் கணிதவியலாளர் ஆபெல் ஒரு சைன் தொடரைக் காட்டி, இதற்கு விதிவிலக்கு உண்டு என்றார். எக்ஸ் π ஆகும் இடத்தில் அந்தத் தொடரின் கூட்டுத்தொகை குதிக்கிறது, அதாவது தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. கணித உலகமே தெளிவுபடுத்திக்கொள்ளப் பல வருடம் எடுத்த ஒன்றை நாம் ஒரு செமஸ்டரில், இரண்டு இன்டர்னலுக்கு நடுவே படிக்கிறோம். உடனே புரியவில்லை என்றால் உங்கள்மேல் சந்தேகப்படாதீர்கள்.

* * *

சார், டஸ்டர் விஷயம் அருமை. எனக்கு அல்ஜீப்ராவில்தான் பிடிபட்டது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், காலேஜில் எல்லாம் இங்கிலீஷ். லக்ராஞ்சி தேற்றம் வந்தது: ஒரு குரூப்பில் (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் திருப்பிச் செய்யவும் முடிகிற மாற்றங்களின் கூட்டம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்) 12 உறுப்பு இருந்தால் அதன் சப்குரூப்பின், அதாவது அதற்குள்ளேயே இருக்கும் சின்ன குரூப்பின், அளவு 12ஐ மீதியில்லாமல் வகுக்கும். சரி, திருப்பிக் கேட்டால்? 6 தான் 12ஐ வகுக்கிறதே, 6 உறுப்புள்ள சப்குரூப் கட்டாயம் இருக்குமா? மேம் பதில் சொல்லாமல் "ஏ ஃபோரில் தேடிப் பாருங்கம்மா" என்று விட்டுவிட்டார். ஏ ஃபோர் (A₄) என்பது நான்கு பொருள்களை இடம் மாற்றும் விதங்களில் 12 மட்டும் அடங்கிய ஒரு குரூப்.

ஹாஸ்டல் தரையில் நான்கு துண்டுக் காகிதத்தில் 1, 2, 3, 4 எழுதிப் போட்டு நானும் ரூம்மேட்டும் உட்கார்ந்தோம். ஒன்றை அசைக்காமல் மற்ற மூன்றைச் சுழற்றுவது 8 விதம். இரண்டிரண்டு ஜோடியாக மாற்றுவது 3. எதையும் தொடாமல் விடுவது 1. மொத்தம் 12. இதில் 6 உள்ள சப்குரூப் இருந்தால் அது சரிபாதி. சரிபாதி என்றால் எந்த உறுப்பையும் இரண்டு தடவை செய்தால் அந்தப் பாதிக்குள்தான் வந்து விழும், இது கோசெட் (சப்குரூப்பை வைத்துக் குரூப்பைச் சம துண்டுகளாகப் பிரிப்பது) பாடத்திலேயே இருக்கிறது. ஒரு மூன்று-சுழற்சியை நான்கு தடவை செய்து பாருங்கள், அதுவே திரும்பி வரும். அதாவது அதன் இரட்டிப்பை இன்னொரு தடவை இரட்டித்தால் அதுவே. அப்படியானால் 8 சுழற்சியும் அந்த 6க்குள் இருந்தாக வேண்டும். ஆறு இடத்தில் எட்டுப் பேர் எப்படி உட்காருவது? இல்லவே இல்லை!

ரூம்மேட் கத்திய கத்தில் பக்கத்து ரூம்காரிகள் ஓடி வந்துவிட்டார்கள். கோசெட், நார்மல் சப்குரூப், இன்டெக்ஸ் என்று தனித்தனியாக மிரட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அன்றைக்கு ஒரே வேலையில் சேர்ந்து வந்தது. தங்கச்சிங்களுக்குச் சொல்வேன்: வரையறை புரியவில்லை என்றால் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு சின்ன குரூப்பைப் பிடியுங்கள். பெரிய தேற்றத்துக்கு அப்புறம் போகலாம்.

* * *

நான் சொல்ல வந்தது எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கணிதக் கோடை முகாம் பற்றி. 1993இல் பேராசிரியர் குமரேசன் தொடங்கியது, இளங்கலை மாணவர்களும் சேரலாம். எங்கள் காலேஜில் யாருக்கும் இது தெரியாது, அதுதான் ஆதங்கம். அங்கே யாரும் நோட்ஸ் கொடுத்து எழுத வைப்பதில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், மாணவன் போர்டுக்கு வந்து தவறாகச் சொன்னாலும் அங்கிருந்தே பாடம் நகரும். சின்ன ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு, தன்னைப் போலவே கணக்கில் பைத்தியமான இன்னும் பலரைப் பார்ப்பதே பெரிய தெம்பு.

நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை லயோலா கல்லூரியையும் நினைத்துக்கொள்ளலாம். பாதர் ரசீன் அங்கே நடத்திய காலத்தில் படித்தவர்கள்தான் கணித மேதைகள் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். 1965இல் வந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றும் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது.

* * *

எல்லாம் படிக்க ஆசையா இருக்கு சார். ஆனா நான் மூணாவது செமஸ்டர், அடுத்த வாரம் இன்டர்னல், ரெண்டு அரியர் வேற. இப்படி ஒவ்வொரு தேற்றத்தையும் அழிச்சுப் பாக்க நேரம் எங்க இருக்கு?

* * *

தம்பி, எல்லாத் தேற்றத்துக்கும் செய்ய வேண்டாம். யூனிட்டுக்கு ஒன்று போதும். மற்றவற்றை இப்போதைக்குப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பாயோ அப்படியே படி, அரியரை முதலில் முடி. ரோல் தேற்றம் உன் சிலபஸில் இருக்கும், அதில் தொடங்கு. மூன்று நிபந்தனை: மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, உள்ளே வகையிடத்தக்கது, இரண்டு ஓரத்திலும் ஒரே மதிப்பு. வகையிடத்தக்கது என்பதை அழித்தால் மைனஸ் 1இலிருந்து 1 வரை மாட் எக்ஸ் போதும்: ஓரங்களில் 1, நடுவில் கூர்முனை, சாய்வு 0 ஆகிற இடமே இல்லை. மற்ற இரண்டுக்கும் உதாரணத்தை நீயே தேடு. ஒன்று மிகச் சுலபம், பஸ்ஸில் போகும்போதே கிடைத்துவிடும். தொடர்ச்சிக்கு ஓரப் புள்ளியில் கை வைத்துப் பார். கிடைத்ததும் இங்கே எழுது, பார்க்கிறேன்.