கிட்னி மாற்றியவர்களுக்கு ஹெபடைடிஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொடுங்கையூர் அக்கா:
வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி நெகட்டிவ், எட்டு மாதத்தில் பாசிட்டிவ், டயாலிசிஸில்தான் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மாமியார் கிட்னி கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் மாதம் சோபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். பத்தாவது வாரம், புதுக் கிட்னியை உடம்பு தள்ளாமலிருக்கப் போடும் டாக்ரோ (டாக்ரோலிமஸ்) மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிவிட்டது. "வேளை தவறவிட்டீங்களா?" என்று கேட்டார்கள். இவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து காலி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார், கை நடுங்கியது. அந்த நடுக்கம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கிருமி போய் ஈரல் தேறினால் டாக்ரோ சீக்கிரம் கரைந்துவிடுமாம், அதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். டோஸைக் கூட்டினார்கள். மாத்திரை முடித்து 12 வாரம் கழித்து எடுத்த பிசிஆர் ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை.

ராயபுரம் தம்பி:
எங்கள் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி, அக்கா. சி மாதிரி முடிகிற மாத்திரை இல்லை, கிருமியை அடக்கி வைக்கும் என்டெகாவிர் மாத்திரையைத் தொடர்ந்து போட வேண்டும். லிவர் டெஸ்ட் நார்மல்தானே என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார். காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரம்மாதான் கண்டுபிடித்தார், "இன்னாப்பா, கண்ணு மஞ்சளா கீது?" அன்றைக்கே அட்மிஷன். கிட்னி தப்பித்தது.

வியாசர்பாடி அண்ணன்:
அக்கா, டயாலிசிஸில்தான் வந்தது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ரத்தம் ஏற்றியதிலும் வந்திருக்கலாம். என் அப்பாவுக்கு 2008இல் சி. அப்போது இன்டர்பெரான் ஊசிதான், கிட்னி வைத்த பிறகு போட்டால் உடம்பு அந்தக் கிட்னியைத் தள்ளிவிடும் என்று பயந்து முதலிலேயே போட்டார்கள், ஒவ்வொரு ஊசிக்கும் குளிரில் உதறுவார். சரி, எல்லோருக்கும் சொல்கிறேன், டயாலிசிஸ் தொடங்கும்போதே பி தடுப்பூசி கேளுங்கள், மற்றவர்களைவிட இரட்டிப்பு டோஸ் போடுவார்கள். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் மருந்து இலவசம், அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், கிட்னி மாற்றியவர் உடம்பு வேறு.

கொடுங்கையூர் அக்கா:
அண்ணா, அவருக்கு ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றவில்லை. அந்த எட்டு மாதமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.