கூட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து நான் மட்டும் விலக வழி உண்டா? அவசர உதவி தேவை

குயில்தோப்பு:
அனைவருக்கும் வணக்கம். நண்பர்களோடு சேர்ந்து எடுத்த வீட்டின் ஒப்பந்தத்திலிருந்து நான் மட்டும் விலக வேண்டியிருக்கிறது. இன்னும் பத்து நாட்களில் கிளம்புகிறேன். ஒப்பந்தம் முடியும்வரை வாடகை கட்டியே தீர வேண்டும் என்கிறார் ஏஜென்ட். டெபாசிட்டை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடச் சொல்லலாமா? விவரம் அறிந்தவர்கள் விரைந்து பதில் தாருங்கள்.

ஏணிப்படி:
எந்த ஊர், இங்கிலாந்தா ஸ்காட்லாந்தா என்பதை முதலில் சொல்லுங்கள், ஏனெனில் இரண்டிலும் சட்டம் வேறு. ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது? எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திட்டீர்களா, அல்லது ஒவ்வொருவருக்கும் அறைவாரியாகத் தனி ஒப்பந்தமா? உங்களுக்காகப் பிணை கையெழுத்து போட்டவர் யாராவது உண்டா? நீங்கள் மொத்தம் எத்தனை பேர் என்றே சொல்லவில்லை.

நீலமலை:
எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். கைப்பேசி இணைப்பை நான் அப்படித்தான் ரத்து செய்தேன். உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பேரேடு:
நீலமலை சொல்வது தவறு. அந்த 14 நாள் உரிமையைத் தரும் 2013ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புக்கான வாடகை ஒப்பந்தங்களை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. தம்பி, இந்தக் கேள்வி ஆண்டுதோறும் இங்கே வருகிறது. ஒப்பந்தத்தில் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்ற மூன்று சொற்களை யாரும் படிப்பதில்லை. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது அதன் பொருள். நீங்கள் போய்விட்டால் உங்கள் பங்கை மற்றவர்களிடமோ, முழு வீட்டின் பாக்கியையும் உங்கள் ஒருவரிடமோ உரிமையாளர் கேட்கலாம். கையெழுத்திடும் முன் படித்திருந்தால் இந்தப் பதற்றமே இருந்திருக்காது.

குயில்தோப்பு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்துதான், ஷெஃபீல்ட். ஐவரும் ஒரே தாளில்தான் கையெழுத்திட்டோம். 2025 செப்டம்பர் 8 முதல் 2026 செப்டம்பர் 7 வரை. மாத வாடகை 2,250 பவுண்ட், ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதி கட்டுகிறோம். என் பங்கு 450. டெபாசிட் ஆளுக்கு 500. அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் படிப்பை இடைநிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். பிணை கையெழுத்து லண்டனில் உள்ள என் சித்தப்பா போட்டார். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, பெயர் மாற்ற 180 பவுண்ட் ஆகும் என்றார்கள்.

முத்துச்சிப்பி:
அப்பா நலம் பெற வேண்டுகிறேன். நான் முன்பு ஒரு மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவில் தன்னார்வலராக இருந்தேன். இதே நிலையில் வந்தவர்களில் நிம்மதியாகக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பதிலாக ஒருவரைத் தேடிக் கொடுத்தவர்கள்தான். உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமும், மற்ற நால்வரின் சம்மதமும் இருந்தால், உங்கள் இடத்தில் புதியவரை வைத்து ஒப்பந்தத்தை மாற்றி எழுதலாம். 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி இத்தகைய மாற்றத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் கேட்டால், உண்மையிலேயே அவ்வளவு செலவானது என்றும் அந்தச் செலவு நியாயமானது என்றும் அவர்கள் காட்ட வேண்டும். ஆகவே 180 பவுண்டுக்கான கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

சித்தப்பாவை மறந்துவிடாதீர்கள். பல பிணைப் பத்திரங்களில் தொகைக்கு வரம்பே இருப்பதில்லை. உங்கள் பங்கான 450 அல்ல, வீட்டின் முழு வாடகைக்கும் அவர் பொறுப்பாகியிருக்கக்கூடும். உங்கள் பெயர் நீங்கும் அதே நாளில் அவரது பிணையும் நீங்குகிறது என்ற வரி கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டெபாசிட்டைப் பொறுத்தவரை, அது ஒரே தொகையாகப் பதிவாகியிருந்தால், வீடு முழுவதும் காலியாகும்வரை உங்கள் 500ஐத் திருப்பித் தர அவர்கள் முன்வர மாட்டார்கள். புதிதாக வருபவர் அதை உங்களுக்கே கொடுத்துவிட்டு உங்கள் இடத்துக்கு வருவதும், அந்த மாற்றத்தை டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்திலும் பதிவு செய்வதும்தான் வழக்கம்.

கருவேலம்:
ஐந்து பேர் என்றால் அந்த வீட்டுக்கு உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் உரிமம் தேவை. உரிமம் இல்லையென்றால் ஒப்பந்தமே செல்லாது. அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினால் உரிமையாளர் தானாக வழிக்கு வருவார்.

பேரேடு:
பாதி மட்டுமே சரி. ஒரே குடும்பத்தைச் சேராத ஐவர் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். அது இல்லையெனில் கட்டிய வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அதனால் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது.

ஏணிப்படி:
தேதிகளைப் பார்த்தபின் ஒரு முக்கியமான செய்தி. 2025 அக்டோபர் 27 அன்று ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வீடுகளில் குறித்த காலத்துக்கான ஒப்பந்தங்கள் மறைந்து, மாதாமாதம் தொடரும் வாடகையாக மாறுகின்றன. அதன்பின் வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுத்து விலகலாம். மே 1 அன்று கொடுத்தால், உங்கள் வாடகைக் காலம் 7ஆம் தேதி முடிவதால், ஜூலை 7 அன்று முடியும். செப்டம்பர்வரை காத்திருப்பதைவிட இரண்டு மாத வாடகை மிச்சம்.

வடகாற்று:
ஒருவர் கொடுக்கும் நோட்டீஸ் எப்படிச் செல்லும்? கூட்டு வாடகையில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் முடிக்க முடியும். எங்கள் கிளாஸ்கோ வீட்டில் ஒருவர் மறுத்ததால் நாங்கள் மூன்று மாதம் தவித்தோம்.

பேரேடு:
வடகாற்று ஸ்காட்லாந்தின் சட்டத்தை இங்கிலாந்துக்குப் பொருத்துகிறார். அங்கே கூட்டாளிகள் அனைவரும் இசைய வேண்டும். இங்கிலாந்திலோ, 1991இல் ஹாமர்ஸ்மித் எதிர் மங்க் வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்தபடி, மாதாமாதம் தொடரும் கூட்டு வாடகையை ஒருவரின் நோட்டீஸே அனைவருக்கும் முடித்துவிடும். சட்டம் தெரியாமல் வாதாடாதீர்கள்.

வடகாற்று:
சட்டம் அப்படியே இருக்கட்டும். நால்வரும் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் ஜூலையில், தங்களுக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்த காகிதத்தால் வீட்டை இழப்பது சரியா? அந்தத் தவிப்பை நான் பட்டிருக்கிறேன்.

பேரேடு:
உரிமையைப் பயன்படுத்துவதில் தவறென்ன? தொடர விரும்பினால் அவர்கள் நால்வரும் உரிமையாளரோடு புதிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமே.

முத்துச்சிப்பி:
எழுதிக்கொள்ளலாம், உரிமையாளர் சம்மதித்தால்; அதே வாடகைக்குச் சம்மதித்தால். அந்த உறுதி எங்கும் இல்லை. குயில்தோப்பு, மே 1 வரை ஆள் கிடைக்காவிட்டால் அந்த வழி இருக்கிறது என்பதை இன்றே நால்வரிடமும் நேரில் சொல்லுங்கள். ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்கு அது பின்னாளில் ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் வந்து சேரக் கூடாது. அவர்களும் ஆள் தேடுவதில் உங்களோடு நிற்பார்கள். ஏஜென்ட் பேச்சுக்கு ‘சரி, போய்விடுங்கள்’ என்று சொன்னால் நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

குயில்தோப்பு:
வேலைக்குப் போகும் ஒருவர் அறையைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார். அவரை வைக்கலாமா?

ஏணிப்படி:
கவனம் தேவை. எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருப்பதால்தான் அந்த வீட்டுக்குக் கவுன்சில் வரி இல்லை. மாணவரல்லாத ஒருவர் குடிவந்தால் விலக்கு போய்விடும். 25 விழுக்காட்டுத் தள்ளுபடி போக மீதிக்கு ரசீது வரும். அதை அவரே கட்டுவதாக எழுதித் தருவாரா என்று கேளுங்கள். முடிந்தால் மாணவர் ஒருவரையே தேடுங்கள்.

நீலமலை:
14 நாள் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் துறையில் படிக்கும் ஒருவர் அறை தேடுகிறார், தனிச்செய்தி அனுப்புகிறேன்.

குயில்தோப்பு (ஒன்பது நாட்கள் கழித்து):
விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். நீலமலை அனுப்பிய மாணவி நேற்று கையெழுத்திட்டார். மற்ற நால்வரும் கூடவே வந்தார்கள். கணக்கு கேட்டதும் 180 என்பது 50 ஆகிவிட்டது. சித்தப்பாவின் பெயர் நீங்கிய கடிதம் கையில் இருக்கிறது. என் 500ஐ அந்த மாணவி அனுப்பிவிட்டார். அழைப்பு வந்துவிட்டது, கிளம்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.